வெள்ளி ராவும் ஜெர்மன்காரர் சனிக்கிழமையும்

ஏற்காடு பஸ் ஸ்டாண்டில் குடையும் ஸ்வெட்டரும் விற்கும் ரஹமத்துல்லாவுக்கு இரண்டு பெண்கள். மூத்தவளை அடிவாரத்தில் தன் அக்காள் மகனுக்கே கொடுத்தார். இளையவள் அஃப்சானா நர்ஸ் படித்து, சேலத்தில் ஆறு வருடம் வார்டில் நின்றவள். ஜெர்மனியில் முதியோர் இல்லத்து வேலைக்குப் போவதென்று முடிவு கட்டி, ஒரு வருடமாகப் போனிலேயே அந்தப் பாஷையைப் படித்தாள்.

முதல் நேர்காணலை மணிக்கணக்கு கெடுத்தது. 'ஹால்ப் ஆஹ்ட்'டுக்கு ஷிப்ட் என்றால் எத்தனை மணிக்கு வருவாய் என்றார்கள். ஹால்ப் என்றால் அரை, ஆஹ்ட் என்றால் எட்டு. எட்டரைக்கு என்றாள். அவர்களுக்கு அது ஏழரை. எட்டாவது மணியில் பாதி ஆயிற்று என்று பொருளாம். வேலை கைநழுவிப் போயிற்று.

"வராத எட்டுக்கு முன்னாடியே பேரு வெக்கறாங்களா? நல்ல ஊருதான் போ!" என்றார் ரஹமத்துல்லா.

இரண்டாவது நேர்காணல் ஒரு வியாழக்கிழமை மாலை ஆறரைக்கு. இதுவும் தவறினால் ஆள் அனுப்பும் ஏஜென்சி வேறு இடம் காட்டாது. சிக்னலுக்காகக் கடைப்பக்கம் கிளம்பியவளைத் தாய் ஷஹீதா மறித்தாள்.

"வெள்ளி ராவும் அதுவுமா எங்க கண்ணு கெளம்பிட்ட? யாசீன் ஓத வேணாமா?"

"இன்னிக்கு வியாழன்ம்மா!"

"பொழுது சாஞ்சு பாங்கு சொல்லிட்டா வெள்ளிதான். நர்சம்மாவுக்கு நான் கெழம சொல்லித் தரணுமாக்கும்!"

"வந்து ஓதறேன்" என்று ஓடினாள்.

போனில் பேசிய அம்மாள் ஜெர்மனியின் கிழக்குப் பக்கத்தவர். எல்லாம் கேட்டு முடித்து, கடைசியில், "ஸொன்னாபெண்ட் வேலைக்கு வருவீர்களா? எந்தக் கிழமை அது, தெரியுமா?" என்றார்.

சனிக்கிழமைக்கு அஃப்சானா படித்தது 'ஸாம்ஸ்டாக்'. இந்தச் சொல்லில் ஞாயிறும் மாலையும் இருந்தன. ஞாயிறு மாலை என்று வாய்வரை வந்ததை விழுங்கினாள். எட்டு வருமுன்னே எட்டின் பேர் வைக்கிறவர்கள் இவர்கள். அம்மாவும் வெள்ளி விடியுமுன்னே, முந்தின நாள் மாலையிலேயே வெள்ளி என்கிறாள். அப்படியானால் ஞாயிறின் மாலை சனியன்றே வந்துவிடும்.

"சனிக்கிழமை. வருகிறேன்."

அந்த அம்மாள் சிரித்தார். ஞாயிறுக்கு முந்தைய மாலையின் பெயர்தான் நாளடைவில் சனிக்கிழமை முழுவதற்கும் ஆனது என்றும், ஜெர்மனியின் தெற்கத்திக்காரர்கள் அவ்வளவாக அப்படிச் சொல்வதில்லை என்றும் சொன்னார்.

மூன்று வாரத்தில் கடிதம் வந்தது. முதல் ஷிப்ட் ஒரு சனிக்கிழமை காலை, 'ஹால்ப் ஸீபன்'. ஸீபன் என்றால் ஏழு என்று ரஹமத்துல்லாவும் இதற்குள் கற்றிருந்தார்.

"ஏழரைக்கா சாமி?"

"ஆறரைக்குங்க அத்தா."