தாய்வழிக் குடி

சென்ற மாதம் அண்ணனை மட்டக்களப்புக்கு வைத்தியரிடம் கூட்டிக்கொண்டு போனேன். வயிறு வீங்கி, கண் மஞ்சளாகிக் கிடந்தவரைப் பார்த்துவிட்டு அவர் முதலில் கேட்டது, "அப்பாவும் குடிக்கிறவரோ?" என்பதுதான். ஓம் என்றேன். "அப்ப பரம்பரைதான்" என்று தலையை ஆட்டினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பரம்பரையும் இருக்கலாம், இல்லையென்று நான் சண்டைக்கு வரவில்லை. ஆனால் இரத்தமா போத்தலைத் திறந்து ஊற்றியது?

அண்ணன் தலைப்பிள்ளை, நான் கடைக்குட்டி. அவருக்குச் சம்பந்தம் பேச வந்தபோது எனக்கு ஆறோ ஏழோ வயது. அப்பா குடித்துக் குடித்தே போய்ச்சேர்ந்திருந்தார். அண்ணனோ ஒரு துளி தொட்டதில்லை. நெல் வெட்டுக் காலத்தில் வயல் வட்டையில் வேலை முடிந்து ஆட்களெல்லாம் போத்தலைச் சுற்றி உட்கார, இவர் மட்டும் தள்ளியிருந்து வெறுந்தேநீர் குடிப்பார். 'பிளேன்டி மாப்பிள்ளை' என்று கேலி பண்ணுவார்கள். சிரித்துவிட்டு இன்னொரு கோப்பை கேட்பார்.

பெண் வீட்டார் பழுகாமத்திலிருந்து வந்தார்கள். பலகாரம் வைத்து, தேநீர் கொடுத்து, எல்லோரும் மரியாதையாக இருந்தபோது பெண்ணின் மாமன் கேட்டார்.

"பொடியன் என்ன குடி?"

எங்கள் மாமா வாயைத் திறக்க முன் நான் முந்திக்கொண்டேன். "அண்ணன் குடிக்கிறல்ல! அப்பாதான் குடிக்கிறவர்!"

கூடம் முழுக்கச் சிரிப்பு. அம்மா மட்டும் சிரிக்கவில்லை. மாமா என்னை மடியில் இழுத்து வைத்து விளக்கினார். "அந்தக் குடி இல்ல மனே. இது வமிசம். ஒரே குடிக்குள்ள கலியாணம் கட்டப்படாது, அதுக்குத்தான் கேக்காங்க. தாய்ட குடிதான் புள்ளைக்கு வரும். தகப்பன்ட வராது."

"அப்ப அப்பாட குடி அண்ணனுக்கு வராதுதானே?" என்றேன். இந்த முறை ஒருவரும் சிரிக்கவில்லை.

சில நாளில் தரகர் பதில் கொண்டுவந்தார். "தங்கமான பொடியன்தான். ஆனா தகப்பன்ட ரத்தம் ஓடுதே எண்டு யோசிக்காங்க." அந்தப் பெண்ணை அண்ணன் தீமிதிப்பில் ஒருமுறை பார்த்திருந்தாராம். சைக்கிளுக்குப் புதுப் பெயின்ட்கூட அடித்து வைத்திருந்தார். அன்று முழுக்கச் சாப்பிடாமல் கிணற்றடியில் இருந்தார். குடிக்காத மனிதனுக்குக் குடிகாரன் என்று தீர்ப்பு! இதைவிட அநியாயம் உண்டா?

பொழுது சாயும்போது மாமா ஆறுதல் சொல்ல வந்தார். அம்மாவின் மூத்த அண்ணன். எங்கள் பக்கத்தில் மாமன் சொல்லுக்கு மேல் சொல் கிடையாது. கையில் சாராயப் போத்தல்.

"ஆம்பிளைக்கு இதெல்லாம் ஒரு கவலையா மருமகனே? ஒரு மடக்கு அடி, எல்லாம் போயிரும்."

விருந்தாளிக்கு வைக்கும் கிளாஸில் ஊற்றி அண்ணனின் கையில் வைத்தார். அடுப்படியிலிருந்து அம்மா ஓடிவந்து அதைத் தட்டிவிட்ட வேகத்தில் கிளாஸ் தூணில் பட்டுச் சிதறியது.

"அவருக்கும் மொதல் கிளாஸ் ஊத்தினது நீங்கதானே! என்னைக் கலியாணம் கட்டி இந்த வீட்டுக்கு வரக்குள்ள பீடிகூடக் குடிக்காத மனுசன்!"

மாமாவை எதிர்த்து அம்மா குரல் உயர்த்தி நான் கேட்டதேயில்லை. அவர் மறுக்கவில்லை. "பொம்புளைட கதையைக் கேட்டுக்கிட்டு இருக்காத. வா, ஆத்தங்கரைக்குப் போவம்" என்று மோட்டார் சைக்கிளை உதைத்தார். அண்ணன் அம்மாவை ஒரு முறை பார்த்தார். பிறகு ஏறி உட்கார்ந்துவிட்டார்.

அடுத்த வெட்டுக்கு அவர் மற்றவர்களோடு போத்தலைச் சுற்றி இருந்தார். "பாத்தியா, ரத்தம்!" என்றது ஊர். மாமா ஊற்றியது என்று ஒரு வாய் சொல்லவில்லை. எங்கள் குடிக்குரிய மரியாதையை வாங்கிக்கொண்டு, நீறு பூசி, அவர் இன்றும் கோயிலில் முன்வரிசையில் நிற்கிறார். பார்க்கப் பார்க்க வயிறு எரிகிறது.

அன்று எனக்கு இது ஒன்றும் விளங்கவில்லை. மோட்டார் சைக்கிளில் எனக்கும் இடமிருந்தது. என்னை ஏற்றாமல் போய்விட்டார்களே என்று வாசலில் புரண்டு அழுதேன். அம்மாவும் என் பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள். அவளையும் விட்டுவிட்டுப் போனதற்குத்தான் அழுகிறாள் என்று நினைத்தேன்.