இரண்டாவது விசில்

விழுப்புரத்துக்குக் குடி வந்த பிறகு பார்க்கிறவர்கள் எல்லோரும் என்னிடம் ஒன்றையேதான் கேட்டார்கள். ஊர் பிடித்திருக்கிறதா? திண்டிவனத்திலிருந்து போன் போடும் நாத்தனாரும் கேட்பாள், எதிர்வீட்டு வாசலில் துணி காயப்போடும் பெண்ணும் கேட்பாள். பிடித்திருக்கிறது என்றுதான் சொல்வேன். சொல்லும்போதே என் கண் கேட்டின் மேல் இருக்கும்.

கேட்டுக்கு உள்பக்கம், முருங்கை மர நிழலில் நாற்காலி போட்டு என் வீட்டுக்காரர் உட்கார்ந்திருப்பார். பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவிலேயே பாதி ஆயுசு ஓடிவிட்டது. ஓய்வு பெற்ற பிறகு மறதி வந்தது. முதலில் மூக்குக் கண்ணாடியை எங்கே வைத்தோம் என்கிற மறதி. அப்புறம் சாப்பிட்டோமா இல்லையா என்கிற மறதி. கடைசியில், வேலை முடிந்துவிட்டது என்பதே மறந்துபோனது. காலையில் எழுந்ததும் வண்டி எடுக்க வேண்டும், நேரமாகிவிட்டது என்பார். சட்டைப் பையில் பழைய விசில் இருக்கும். ஊரையும் உறவையும் மறந்தவர், அந்த விசில் பையில் இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்க மட்டும் மறந்ததே இல்லை.

திண்டிவனத்தில் இருந்தவரை அவர் எங்கே போனாலும் எனக்குத் தகவல் வந்துவிடும். சலூன்காரர் போன் போடுவார். "அண்ணி, அண்ணன் இங்கதான் குந்திகினு இருக்காரு, பேப்பர் படிக்கிறாரு, தலகீழா பிடிச்சிகினு." பூக்காரம்மா ஆள் அனுப்புவாள். மாவு மில்லில் இருந்து சொல்லி அனுப்புவார்கள். அவர்கள் அத்தோடு விடவும் மாட்டார்கள். என்ன வைத்தியம் பார்க்கிறாய், மகன் ஏன் இன்னும் வந்து பார்க்கவில்லை, மருமகள் எப்படி என்று குடைந்து எடுப்பார்கள். நமக்கென்று ஒரு மூடி இல்லாத ஊரப்பா இது என்று அப்போதெல்லாம் எனக்கு எரிச்சலாக வரும்.

நல்லதாக மட்டும் சொன்னால் அது பொய். பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு மெக்கானிக் கடை இருந்தது. ஒரு சாயங்காலம் அவரைத் தேடிப் போனபோது அந்தக் கடை வாசலில் பிளாஸ்டிக் நாற்காலிகளை இரண்டு இரண்டாக வரிசை போட்டு இளவட்டங்கள் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் என் வீட்டுக்காரர் நின்றுகொண்டு, உள்ளே போங்க, உள்ளே போங்க என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஒருவன் செல்போனில் படம் பிடித்தான். "தலைவரே, ரைட் குடுங்க" என்று இன்னொருவன் சொன்னதும் அவர் இரண்டு விசில் கொடுத்தார். எல்லோரும் உட்கார்ந்த இடத்திலேயே குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்கள். அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன். விழுப்புரத்துக்கு வந்துவிடுங்கள் என்று அங்கே இருக்கும் மகன் நெடுநாளாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். அன்றைக்குச் சரி என்று சொல்லிவிட்டேன்.

மகன் சொன்ன காரணங்களில் ஒன்றைக்கூட மறுக்க முடியாது. முண்டியம்பாக்கத்துப் பெரியாஸ்பத்திரி கிட்டத்தில் இருக்கிறது. எந்தத் திசைக்குப் போகவும் ஜங்ஷனில் ரயில் உண்டு. தெருவில் விளக்கு எரிகிறது, குப்பை வண்டி வீட்டு வாசலுக்கே வருகிறது. அக்கம்பக்கத்தில் யாரும் யார் விஷயத்திலும் தலையிட மாட்டார்கள் என்று சொல்லி, அதையும் ஒரு வசதியாகச் சேர்த்தான். எனக்கும் அது வசதியாகத்தான் பட்டது. இவருக்கு இன்ன வியாதி என்று புதுத் தெருவில் யாருக்கும் தெரிய வேண்டாம் என்று நாங்கள் பேசிவைத்துக்கொண்டோம். கேட்டுக்குப் பூட்டு வாங்கிப் போட்டான் மகன்.

பூட்டிய கேட்டைப் பிடித்துக்கொண்டு அவர் நிற்பார். ஆட்டுவார். வண்டி கிளம்பிவிடும், திறந்து விடுங்கள் என்று யாரிடமோ கெஞ்சுவார். கேட்டுக்கு இந்தப் பக்கம் வைத்துக் காப்பாற்றுகிறேனா, அடைத்து வைத்திருக்கிறேனா என்று எனக்கே பிடிபடவில்லை. சாதம் வடிக்கும்போதும் காது வாசலில்தான் இருக்கும்.

ஒரு காலையில் குப்பை வண்டியின் பாட்டு கேட்டது. வாளியை எடுத்துக்கொண்டு தெருமுனைக்குப் போனேன். வண்டியோடு வரும் பெண் வாயாடி, எனக்கு அவளைப் பிடிக்கும். மக்கும் குப்பையையும் மக்காத குப்பையையும் நான் கலந்துவிட்டதைப் பார்த்து, "இன்னாக்கா, ரெண்டத்தையும் கட்டி வச்சிட்ட, தாலி எங்க?" என்றாள். சிரித்துவிட்டுத் திரும்பினேன். கேட் திறந்து கிடந்தது. பூட்டு அதன் போக்கில் கம்பியில் தொங்கியது. நான்தான் அமுக்காமல் போயிருக்கிறேன். நாற்காலி காலி.

செருப்பு போட்டேனா இல்லையா என்று நினைவில்லை. தெருமுனை டீக்கடையில் கேட்டேன். எந்தப் பெரியவர் என்று கேட்டார் கடைக்காரர். வெள்ளைச் சட்டை, வேட்டி, கொஞ்சம் நரை என்றேன். அவர் ஆற்றிக்கொண்டிருந்த டீயை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "அம்மா, காலைலருந்து இந்த வழியா போன பெரியவங்க எல்லாருமே வெள்ளச் சட்டதாம்மா." எகத்தாளமாகச் சொல்லவில்லை, உண்மையைத்தான் சொன்னார். திண்டிவனமாக இருந்தால் "அவரைப் பார்த்தீங்களா" என்றால் போதும், அவர் என்றால் யார் என்று ஊருக்கே தெரியும். இங்கே அவருக்கு அடையாளம் சொல்ல என்னிடம் ஒரு வெள்ளைச் சட்டைதான் இருந்தது. அந்த வியாதியைச் சொல்லியிருந்தால் அதுவே அடையாளமாக இருந்திருக்கும். அதைத்தான் மூடி வைத்திருந்தோமே.

மகன் போனை எடுக்கவில்லை. ஆட்டோ பிடித்து முதலில் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். அவர் வேலை பார்த்த காலத்தில் அங்கேதான் பஸ் நிற்கும் என்று என் கணக்கு. தூண் தூணாகப் பார்த்தேன். உட்கார்ந்திருந்தவர்களின் முகங்களையெல்லாம் குனிந்து பார்த்தேன். இல்லை. திரும்பி வந்து புது பஸ் ஸ்டாண்டுக்குப் போகச் சொன்னேன். ஆட்டோக்காரர் கண்ணாடியில் என்னைப் பார்த்துக்கொண்டே வந்தார். "ரோடு போட்டுட்டாங்க, லைட்டு போட்டுட்டாங்க, எல்லாம் கீதும்மா. ஆள் தொலஞ்சா கேக்கறதுக்குத்தான் ஒரு எடம் இல்ல" என்றார். ஆறுதலுக்குத்தான் சொன்னாரோ என்னவோ. ரயில் தண்டவாளம் ஊரை இரண்டாக வெட்டிக்கொண்டு போகிறதே, அது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

புது பஸ் ஸ்டாண்டில் திண்டிவனம் வண்டி நிற்கும் இடத்தில் கூட்டமாக இருந்தது. நடுவில் காக்கிச் சட்டையில் ஓர் இளம் கண்டக்டர், தோளில் பை, கையில் டிக்கெட் மெஷின். சுற்றி நின்றவர்கள் சிரிப்பை அடக்க முடியாமல் நின்றார்கள். நேரக் காப்பாளரிடம் கையெழுத்து வாங்க அந்தக் கண்டக்டர் போயிருக்கிறார். திரும்பி வருவதற்குள் யாரோ இரண்டு விசில் கொடுத்திருக்கிறார்கள். டிரைவர் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். கண்டக்டர் இல்லாத பஸ், பஸ் இல்லாத கண்டக்டர். "பொண்ணு இல்லாம தாலி கட்டப் போய்க்கினு இருக்காம்பா டிரைவரு" என்று பழக்கடைக்காரர் சொன்னதும் கூட்டம் சிரித்தது.

எனக்குப் புரிந்துவிட்டது. அந்தக் கண்டக்டரின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"தம்பி, விசில் குடுத்தது எங்க வூட்டுக்காரரு. அவருக்கு நெனவு சரியில்லப்பா. முன்னாடி கண்டக்டரா இருந்தவரு."

முதல் தடவையாக அந்த ஊரில் வாய்விட்டு அதைச் சொன்னேன். சிரிப்பு நின்றது. திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "படிக்கட்டுல நிப்பாராம்மா?" என்றார். ஒரு கண்டக்டருக்குத்தான் அந்தக் கேள்வி தோன்றும். என் பயமும் அதுதான். அவர் படிக்கட்டில்தான் நிற்பார். ஒரு கையால் பிடித்துக்கொண்டு வெளியே சாய்ந்து பார்ப்பது அவர் வழக்கம். அது அந்தக் காலத்துக் கை. இப்போது டம்ளர் பிடித்தாலே நழுவுகிறது.

டிரைவரின் போன் அடித்துக்கொண்டே இருந்தது. ஓட்டும்போது எடுக்க மாட்டார் என்றார் கண்டக்டர். அடுத்த வண்டியில் என்னையும் ஏற்றிக்கொண்டு தானும் ஏறினார். அந்த வண்டி டிரைவரிடம் விஷயத்தைச் சொல்லி, "ஜல்தியா போங்கண்ணே" என்றார். நான் முன்சீட்டில் உட்கார்ந்து ரோட்டின் ஓரத்தையே பார்த்துக்கொண்டு போனேன். வெள்ளையாக எது கிடந்தாலும் சீட்டை விட்டு எழுந்தேன். ஒரு சிமெண்டுப் பை. முண்டியம்பாக்கம் தாண்டி ஒரு வெள்ளாடு. கண்டக்டர் என்னைப் பேச வைக்கப் பார்த்தார். என் வேலைக்கே உலை வைத்துவிட்டார் உங்கள் வீட்டுக்காரர் என்று சிரித்துக்கொண்டே சொன்னார்.

விக்கிரவாண்டிக்குக் கொஞ்சம் முன்னால், புளியமரத்தடியில் அந்த பஸ் நின்றுகொண்டிருந்தது.

உள்ளே ஓடி ஏறினேன். பின்படிக்குப் பக்கத்தில் கண்டக்டர் சீட்டில் அவர் உட்கார்ந்திருந்தார். படிக்கட்டை அடைத்தாற்போல ஒரு மல்லாட்டை மூட்டை, வேர்க்கடலை. மூட்டையின் மேல் ஓர் அம்மாள் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். என் வயசுதான் இருக்கும். திண்டிவனம் சந்தைக்குப் போகிறவளாம். நடந்ததை அவள்தான் சொன்னாள்.

வண்டி கிளம்பியதுமே இவர் படியில் நின்றிருக்கிறார். டிக்கெட் கேட்கிறார், டிக்கெட் தரவில்லை. உள்ளே வந்து உட்காருங்கள் என்று ஆளாளுக்குச் சொன்னால், எனக்கே சொல்றியா என்று முறைத்திருக்கிறார். பிடித்து இழுக்கப் போனவரைத் தள்ளியிருக்கிறார். அதில் ஒரு கால் படியை விட்டு நழுவித் தொங்கியிருக்கிறது. பின்னால் கத்தியது டிரைவருக்குக் கேட்கவில்லை. அப்போதுதான் இந்த அம்மாள் எழுந்து போயிருக்கிறாள்.

"எனக்கு இன்னா தோணுச்சோ தெரியல. கண்டக்டரே, நான் எறங்கணும், நிறுத்துங்கன்னு சொன்னேன். ஒடனே ஒரு விசில் குடுத்தாரு பாரு, வண்டி நின்னுச்சு. அப்பறம் நீ குந்துய்யா, நான் மூட்டய எறக்கணும், பேஜாரு பண்ணாதன்னேன். குந்திட்டாரு. அதுக்கப்பறம்தான் கண்டக்டரு இல்லன்னே டிரைவருக்குத் தெரிஞ்சுது."

அவளுக்கு அவர் யாரென்றே தெரியாது. திண்டிவனத்து ஆளும் இல்லை, எந்த உறவும் இல்லை. மெக்கானிக் கடைப் பையன்கள் ஆடிய அதே ஆட்டத்தைத்தான் அவளும் ஆடியிருக்கிறாள், அவர் படியிலிருந்து விழாமல் இருப்பதற்காக.

டிரைவர் இறங்கி வந்து தலையைச் சொறிந்தார். "நீட்டா ஒண்ணு, குட்டையா ஒண்ணு. சுத்தமான விசிலுப்பா. சந்தேகமே வரல" என்று தன் கண்டக்டரிடம் சமாதானம் சொன்னார்.

நான் என் வீட்டுக்காரர் எதிரில் போய் நின்றேன். நிமிர்ந்து பார்த்தார். என்னை அவருக்குத் தெரியவில்லை.

"எங்க போவணும்மா?" என்று மரியாதையாகக் கேட்டார்.

அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். திண்டிவனம் என்று சொல்ல வாயெடுத்தேன். அங்கே வீட்டை வேறு ஆட்களுக்குக் கொடுத்தாகிவிட்டது. விழுப்புரம் என்றும் சொல்ல வரவில்லை. "நீங்க எங்க எறக்கி வுடுறீங்களோ அங்க" என்றேன். "அப்ப ஓரமா நில்லும்மா, வழிய அடைக்காத" என்றார்.

அன்றைக்கு மகன் அழுதான். பிறகு இன்னொரு பூட்டு வாங்கலாம் என்றான், விசிலைப் பிடுங்கிவிடலாம் என்றான். இரண்டும் வேண்டாம் என்றேன். அந்த விசில்தான் வண்டியைக் கிளப்பியது, அதுதான் நிறுத்தியதும். அடுத்த முறை மல்லாட்டைக்காரி இருப்பாளா என்று அவன் கேட்டான்.

மறுநாளிலிருந்து பூட்டைத் திறந்து நானே அவரைத் தெருவில் கூட்டிக்கொண்டு நடந்தேன். கடை கடையாக நின்றேன். இவர் என் வீட்டுக்காரர், கண்டக்டராக இருந்தவர், மறதி வியாதி, தனியாகப் பார்த்தால் எனக்கு ஒரு போன் போடுங்கள் என்றேன். சொல்லும்போது ஒவ்வொரு தடவையும் கூசியது. எதிர்வீட்டுப் பெண், முன்னமே சொல்லியிருக்கக் கூடாதா அக்கா, நானும் ஒரு கண் பார்த்திருப்பேனே என்று கோபித்துக்கொண்டாள். மருந்துக்கடைக்காரர் தலையை மட்டும் ஆட்டினார். இஸ்திரி போடுகிறவர் தன் மாமனார் கதையைச் சொல்ல ஆரம்பித்து, பாதியில் சட்டையைத் தீய்த்துவிட்டார். குப்பை வண்டிப் பெண் தெரு தெருவாகச் சொல்லிவிட்டாள். இப்போது என்ன வைத்தியம், மகன் என்ன வேலை, மருமகள் எப்படி என்று இங்கேயும் குடைகிறார்கள். குடையட்டும்.

இப்போது காலையில் அவர் டீக்கடை பெஞ்சு வரைக்கும் தனியாகப் போகிறார். நான் ஜன்னலில் நின்று பார்ப்பேன். வண்டி வந்துவிட்டதா என்று அவர் கேட்பாராம். "திண்டிவனம் வண்டி லேட்டுங்க, குந்துங்க, டீ சாப்பிடுங்க" என்பாராம் கடைக்காரர். கிண்டலா, பரிவா என்று முதல் நாள் ஜன்னலிலிருந்து எனக்குத் தெரியவில்லை. இறங்கிப் போய்க் கடைக்காரர் முகத்தைப் பார்த்த பிறகுதான் திரும்பி வந்தேன்.

ஊர் பிடித்திருக்கிறதா என்று நாத்தனார் நேற்றும் கேட்டாள். பார்க்கலாம் என்றேன்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே டீக்கடைப் பக்கமிருந்து ஒரு விசில் கேட்டது. நீளமாக, ஒன்று. ஒன்று என்றால் நிற்கிறார், இரண்டு என்றால் கிளம்புகிறார் என்று அர்த்தம். பேனாவை வைத்துவிட்டு எழுந்தேன். செருப்பில் ஒரு காலை நுழைத்தபடி, குட்டையாக இன்னொன்று வருகிறதா என்று நின்று கேட்டேன்.