கழற்றாமல் விட்ட நாலு போல்ட்

போன கிழமை எங்கள் வீட்டு வாஷிங் மெசின் உறுமத் தொடங்கியது. திருத்துவமா, புதிது வாங்குவமா என்று என் கணவர் நாளுக்கு மூன்று தரம் கேட்கிறார். பதில் சொல்லக்கூட எனக்கு அலுப்பாக இருக்கிறது. இதே கேள்விக்கு நான் ஒருதரம் பதில் சொல்லியிருக்கிறேன். அப்போது எனக்கு எட்டு வயது. சொன்னது பொய்.

நாங்கள் அப்போது இத்தாலியில், சிசிலித் தீவில், பல்லரோச் சந்தைக்குப் பின்னால், லிஃப்ட் இல்லாத கட்டடம் ஒன்றின் மூன்றாம் மாடியில் இருந்தோம். அம்மாவுக்கு மூன்று வீடுகளில் துப்புரவு வேலை. அப்பாவுக்கு ஸ்ஃபெர்ராகவால்லோக் கடற்கரையில் ஒரு மீன் உணவகத்தின் குசினியில் வேலை. வீட்டில் அம்மா போட்ட சட்டம் ஒன்று இருந்தது: லண்டனுக்குப் போகும்போது கொண்டுபோக முடியாத சாமான் எதையும் வாங்கக் கூடாது. லண்டனில் சித்தி இருந்தா. அம்மாவின் பக்கத்தில் மிஞ்சியிருந்த ஒரே ஆள் அவதான். இத்தாலியப் பாஸ்போர்ட் கைக்கு வந்தவுடன் சித்தியிடம் போய்விடுவது என்பது நான் பிறக்க முன்பே முடிவான விஷயம்.

அதனால் எங்கள் வீட்டில் இருந்ததெல்லாம் யாரோ வேண்டாமென்று விட்டவைதான். கட்டில் அம்மா வேலைசெய்த ஒரு வீட்டுச் சிஞ்ஞோராவுடையது, அதாவது வீட்டுக்காரியுடையது. கதவு மூடாத அலுமாரி இன்னொரு சிஞ்ஞோராவுடையது. வாஷிங் மெசின் மூன்றாவது சிஞ்ஞோரா தந்தது. ஒருவரிலும் குறை வைக்கக் கூடாது என்பதுபோல மூன்று பேரிடமும் வாங்கியிருந்தோம்.

அது மேலால் உடுப்புப் போடும் மெசின். பிழியத் தொடங்கினால் குளியலறையை விட்டு வெளியே வரப் பார்க்கும். அப்பா தேத்தண்ணிக் கோப்பையோடு அதன் மேல் ஏறி இருப்பார். வேலைநாளில் அவருக்கு உட்காரக் கிடைத்த நேரம் அதுவாகத்தான் இருக்கும். பாஸ்போர்ட்டுகள் வந்த அதே மாதம் அந்த மெசின் பெரிதாக ஒரு சத்தம் போட்டுவிட்டு நின்றது.

அதற்குப் பிறகு அம்மா மூன்று வீட்டையும் முடித்து வந்து, குளியல் தொட்டிக்குப் பக்கத்தில் முழங்காலில் நின்று தோய்த்தா. அப்பாவின் வேலை உடுப்பில் மீன் வெடுக்கு லேசில் போகாது. சவர்க்காரம் பட்டுப் பட்டு அம்மாவின் விரல்கள் வெடித்துக் கிடந்தன. ஆனால் வேடிக்கையைப் பாருங்கள்: தோய்க்கிற அம்மா திருத்தினால் போதும் என்றா, ஒருநாளும் தோய்க்காத அப்பா புதிதாக வாங்குவம் என்றார். இன்னும் நாலைந்து மாதத்தில் போகப்போகிறவர்களுக்கு எதற்குப் புதிது என்று அம்மா கேட்பா. அப்பா குனிந்து சப்பாத்தைக் கழற்றுவார். கழற்றி முடிக்க நெடுநேரம் எடுக்கும்.

கடைசியில் திருத்துகிறவரைக் கூப்பிட்டார்கள். அவர் வந்த நேரம் அம்மா வேலையில். மனிதர் இத்தாலியனை விட்டு முழுக்கச் சிசிலியனில் கதைத்தார். அப்பா என்னைப் பார்த்தார். கேள்வி, பதில், கடிதம், டொக்டர் எல்லாவற்றுக்கும் எங்கள் வீட்டில் நான்தான் மொழிபெயர்ப்பு. சம்பளம் இல்லை, ஆனால் மரியாதை இருந்தது.

திருத்துகிறவர் மெசினைக் கழற்றிப் பார்த்துவிட்டு, டிரம் சுற்றுகிற பெயரிங்தான் தேய்ந்துபோச்சு, மாற்றிவிட்டால் இன்னும் இரண்டு வருஷம் பயமில்லாமல் ஓடும் என்றார். சொல்லும்போது இரண்டு விரலையும் நிமிர்த்திக் காட்டினார்.

"என்னவாம்?" என்று அப்பா கேட்டார்.

என் வகுப்புச் சிநேகிதி வீட்டில் முன்பக்கம் வட்டக் கண்ணாடி வைத்த மெசின் இருந்தது. உள்ளே உடுப்பு உருளுவதை நானும் அவளும் தொலைக்காட்சி மாதிரி இருந்து பார்ப்போம். அம்மாவின் விரல்களையும் நினைத்தேன் என்று சொல்ல ஆசைதான். உண்மையில் கண்ணாடியைத்தான் நினைத்தேன்.

"இனிச் சரிவராதாம் அப்பா. புதுசுதான் வாங்கோணுமாம்."

அப்பா கொஞ்ச நேரம் என் முகத்தைப் பார்த்தார். பிறகு என் தலையைத் தடவினார். பின்னேரம் அம்மா வந்ததும், "திருத்தேலாதாம். பிள்ளைதான் கேட்டுச் சொன்னவள்" என்றார். பிள்ளை சொன்னால் அம்மாவுக்கு மறுபேச்சு இல்லை.

புது மெசின் வந்தது. வட்டக் கண்ணாடி வைத்ததுதான். தூக்கி வந்த இருவரில் ஒருவர் அதன் பின்பக்கத்தில் இருந்த நாலு போல்ட்டைக் கழற்ற ஸ்பானரை எடுத்தார். அது எதற்கு என்று அம்மா கேட்கச் சொன்னா. இந்த முறை நான் உள்ளதை உள்ளபடி சொன்னேன்: இடம்விட்டு இடம் கொண்டுபோகும்போது உள்ளே ஆடாமல் பிடித்து வைக்கிற போல்ட், தோய்க்க முன் கழற்ற வேண்டும்.

"அப்ப அது இருக்கட்டும்" என்றா அம்மா. "நாங்கள் கொண்டுபோகேக்கை வேணும்."

வாங்கியாயிற்று என்றால் அதையும் லண்டனுக்குக் கொண்டுபோவது என்று அம்மா தீர்மானித்திருந்தா. வந்தவர்கள் தோளைக் குலுக்கிவிட்டுப் போய்விட்டார்கள்.

பின்னேரம் முதல் தோய்ச்சல். தண்ணீர் நிறைந்தது, உடுப்பு உருண்டது, நான் கண்ணாடிக்கு முன்னால் சப்பணம் கட்டி இருந்தேன். பிழியத் தொடங்கியதும் மெசின் பேய் பிடித்ததுபோல ஆடியது. அலுமாரியில் கோப்பைகள் கிலுங்கின. கீழ்வீட்டுக் கிழவி தும்புத்தடியால் தன் முகட்டில் இடித்தா. அம்மா ஓடிவந்து மெசினை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்தா. பிடித்த அம்மாவும் சேர்ந்து ஆடினா. நான் விழுந்து விழுந்து சிரித்தேன்.

அப்பா வந்து பிளக்கைப் பிடுங்கினார். பிறகு மெசினைத் திருப்பி வைத்து, ஸ்பானர் ஒன்றை எடுத்துக்கொண்டு நிலத்தில் இருந்தார். முதல் போல்ட் கழன்று வந்தது.

"இஞ்சேரும், எனக்கு இனி ஏலாது" என்றார் அப்பா, போல்ட்டைப் பார்த்தபடியே. "இன்னொரு ஊருக்குப் போய்த் திரும்பவும் கோப்பை கழுவத் தொடங்கேலாது."

"எனக்கு மட்டும் ஏலுமெண்டே நினைச்சியள்?" என்றா அம்மா. "ஆனாலும் என்ரை தங்கச்சி அங்கை எல்லோ இருக்கிறாள்."

அப்பா மற்ற மூன்றையும் கழற்றி அம்மாவின் கையில் கொடுத்தார். அம்மா அவற்றை ஒரு துணியில் முடிந்து, பாஸ்போர்ட்டுகள் இருந்த மேசை லாச்சிக்குள் வைத்துப் பூட்டினா. பிறகு லண்டனுக்கு ஒரேயொரு தரம் போனோம், சித்தியின் மகளின் கல்யாணத்துக்கு. ஐந்து நாள்.

எட்டு வயதில் எனக்கு என் பொய்தான் பெரிய விஷயம். பிடிபடாமல் தப்பியதற்கு வேளாங்கண்ணி மாதாவுக்கு ஒரு மெழுகுதிரிகூட ஏற்றினேன். ஒரு குசினியில் பத்து வருஷம், இரண்டு தட்டு, மூன்று தட்டு என்று நாள்முழுக்கச் சிசிலியனில் கேட்டு எடுத்துக் கொடுத்த மனிதருக்கு, முகத்துக்கு நேரே நீட்டிய இரண்டு விரல் விளங்காமலா இருந்திருக்கும்? இது எனக்கு உறைக்க நான் கல்யாணம் முடிக்க வேண்டியிருந்தது. அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. சொல்லி என்ன செய்ய?

அன்று அப்பா மெசினைத் திரும்பப் போட்டார். அது ஆடாமல் அசையாமல் சுற்றியது. கொஞ்ச நேரத்தில் அம்மா வந்து, குளியலறை நிலத்தில் என் பக்கத்தில் இருந்தா. வேலையால் வந்தால் குந்த நேரமில்லாத அம்மா, உடுப்புச் சுற்றி முடியும்வரை அந்தக் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தா. அம்மாவுக்கும் அது பிடித்துப்போய்விட்டது என்று எனக்குச் சரியான சந்தோஷம்.