குன்றின் மேல் மூன்று சுற்று

சாமியே இல்லாத ஒரு தூணை, காலணி கழற்றி மூன்று முறை வலம் வந்தவன் நான். முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

ஆக்லாந்தில், ஒனிஹங்காவை ஒட்டிய குன்று. பொதுப் பூங்காதான், ஆனால் ஆடுகள் மேய்கின்றன. உச்சியில் ஒற்றைப் பைன் மரம், பக்கத்தில் நெடிய கல்தூண். அழைத்து வந்திருப்பவன் சிவபாலன். யாழ்ப்பாணத்துக்காரன், சென்னைக் கல்லூரி விடுதியில் என் அறைத்தோழன். அந்த நாளில் அவன் சிரித்தால் வார்டன் எழுந்து வருவார். எண்பத்து மூன்று கலவரத்தில் தலைநகரிலிருந்த வீடு எரிந்து இங்கே வந்தபின் அவன் சிரிப்பதே இல்லை என்று அவன் மனைவி எழுதியிருந்தாள். நான் வந்ததே அதற்காகத்தான்.

குன்றின் மேல் தூணைக் கண்டால் நம் கால் சும்மா இருக்குமா? குளிருக்குக் காலுறையோடு, சிவபாலன் பாஷையில் 'மேசோடு', சுற்றுகிறேன். புல்லில் குடும்பத்தோடு சாப்பிட்டுக்கொண்டிருக்கும் மாவோரி அம்மாள் ஒருவர், ஏன் சுற்றுகிறீர்கள் என்று ஆங்கிலத்தில் கேட்கிறார்.

"மரியாதைக்கு," என்கிறேன்.

"எங்களுக்கு வைத்ததுதான். நாங்கள் பூண்டோடு அழிந்துவிடுவோம் என்று நினைத்த வெள்ளைக்காரர் ஒருவர், முன்கூட்டியே ஏற்பாடு செய்துவிட்டுப் போன நினைவுச்சின்னம். இன்றைக்குப் பதினோரு பேர் வந்திருக்கிறோம். கோழி சாப்பிடுகிறீர்களா?"

சிவபாலன் சிரிக்கிறான். அதே பழைய சிரிப்பு. வார்டன் இல்லாத குறைக்கு ஆடுகள் நிமிர்ந்து பார்க்கின்றன.

காரில் ஏறியதும், "அந்தம்மா சொன்னது உன்னை எங்கேயோ தொட்டுடுச்சு, இல்லடா?" என்கிறேன்.

"ஓம். ஆனா மச்சான், நான் சிரிச்சது உன்ர மேசுக்கு. ரெண்டு பெருவிரலும் ஓட்டைக்குள்ளால எட்டி விடுப்புப் பாத்துக்கொண்டெல்லோ வந்தது."