மூன்று கை ஸ்டாண்டு

அணைந்த மெழுகுவர்த்தியின் வாடை. ராஜபாளையத்துப் பேக்கரியில் ஏதோ ஒரு குழந்தை கேக்கின் மேல் ஊதுகிறது, புகை என் டீ வரைக்கும் வருகிறது. நான் இங்கே இல்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில், அக்கா வீட்டு நாற்காலியில் இருக்கிறேன்.

போன மழைக்காலம். அக்காவுக்குச் சர்க்கரை கண்ணில் இறங்கியிருந்தது. அத்தான் காலமான பிறகு தனியாக இருக்கிறவள். பார்வை சரியில்லையென்றால் வீட்டைக் காலி செய்து சென்னைக்குக் கூட்டிப்போய்விடுவேன் என்றான் அவள் மகன். நேரில் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள் மாமா என்று என்னை அனுப்பினான். வேலை முடிந்து, பஸ்ஸில் நின்றபடியே போய்ச் சேர்ந்தேன். தீர்ப்புச் சொல்ல வந்தவனுக்கு, உட்கார ஓர் இடம் கிடைத்தால் போதும் என்றிருந்தது.

செண்பகத்தோப்புப் பக்கம் இடி உருண்டது, கரண்ட் போனது. இன்வெர்ட்டர் பேட்டரி எப்போதோ செத்திருந்தது. ஷோகேஸில் இருக்கிற மெழுகுவர்த்தி ஸ்டாண்டை எடு என்றாள் அக்கா.

அவள் கல்யாணத்துக்கு வந்த பித்தளை ஸ்டாண்டு. கொடி சுற்றிய தண்டு, நடுவில் ஒரு கை, பக்கத்துக்கு ஒரு கை. முதலில் அழகுக்கு நின்றது. பிறகு அவள் வளையல் மாட்டினாள், அத்தான் சாவி மாட்டினார். மின்வெட்டில் ஊரெல்லாம் இருண்டு கிடந்த வருஷங்களில்தான் அது தன் சொந்த வேலையைப் பார்த்தது. மகன் அதன் வெளிச்சத்தில்தான் பரீட்சைக்குப் படித்தான். இன்வெர்ட்டர் வந்ததும் மறுபடி ஷோகேஸுக்குப் போனது. இப்போது கைகளில் மாத்திரை அட்டைகள் தொங்கின. அவற்றைக் கழற்றினேன்.

அந்தக் காலத்தில் இதில் குழியே கிடையாதாம், முள்தானாம், மெழுகை அதில் குத்தி நிறுத்துவார்களாம் என்று எங்கோ படித்ததைச் சொன்னேன். சும்மா இருக்க முடியவில்லை, ஏதாவது பேச வேண்டியிருந்தது.

“அப்ப பலசரக்குக் கடையில பில்லு குத்துத கம்பின்னு சொல்லு” என்றாள்.

தேடியதில் இரண்டு மெழுகுவர்த்திதான் கிடைத்தன. அவளிடம் சொல்லவில்லை. ஓரத்துக் கைகளில் செருகி ஏற்றி, எதிரே மேசையில் வைத்தேன். நடுக்கை வெறுமையாக நின்றது. அவள் கட்டிலில் இருந்தபடியே மேசைப் பக்கம் முகத்தைத் திருப்பினாள். வெளியே மழை பெய்துகொண்டிருந்தது.

கரண்ட் வந்தது. இரண்டையும் ஊதினேன். இதே வாடை.

நான் கிளம்பிச் செருப்பை மாட்டும்போது, சுவரைத் தொடாமலே வாசல் வரை நடந்து வந்தாள்.

“ஏலே, மூணு திரியும் முத்து முத்தா தெரிஞ்சுச்சுன்னு அவங்கிட்ட சொல்லு.”