முந்தின நாள் பக்கம்

நான்கு வருடங்களுக்கு முன்னர், பங்குனி மாதத்து ஒரு திங்கட்கிழமை, தெல்லிப்பழைப் பக்கத்தில் உள்ள எங்கள் வீட்டில் நடந்தது இது. நேரம் காலை ஆறு பத்து. நேரம் சரியாகத் தெரிவதற்குக் காரணம், நான் பதினெட்டு வயதிலிருந்து டயறி எழுதுகிறவள். எழும்பிய நேரம், சமைத்தது, வெயிலா மழையா, யார் வந்தார், எப்போது போனார், ஒன்றும் விடமாட்டேன். எனக்கு அரசாங்கக் கந்தோரில் கோப்புப் பார்க்கிற வேலை. அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது.

அன்று காலை என் கணவர் கட்டிலை விட்டு எழும்பவில்லை.

"இஞ்சாரும், கால் ரண்டும் வருதில்லை," என்றார்.

எனக்கு வந்தது கோபம்தான். பதினான்கு மாதத்தில் இது ஒன்பதாவது தடவை. எல்லாம் ஒரே மாதிரி. விடியக் கால் வராது. பத்து, பதினொரு மணிக்கு மெல்ல மெல்ல வரும். மத்தியானம் சோற்றுக்குத் தானாக நடந்து வந்து இருப்பார். இரண்டு தடவை டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். எங்கள் முறை வருவதற்குள் மனிசன் நடக்கத் தொடங்கிவிட்டது. இரத்தம் சோதித்தால் எல்லாம் சரி. நன்றாக நடக்கிறவரில் யார் என்ன வருத்தத்தைக் கண்டுபிடிப்பது?

எங்களுக்கும் இவருடைய அண்ணருக்கும் பொதுவாக ஒரு தோட்டக் கிணறு. திங்களும் வியாழனும் எங்கள் இறைப்பு முறை. இவர் படுத்தால் மிளகாய்க் கன்று வாடும், இல்லாவிட்டால் அண்ணர் வந்து இறைக்க வேண்டும். இறைத்துவிட்டுச் சும்மாவும் போகமாட்டார். "விருந்துக்குப் போக உவனுக்குக் கால் இருக்கு. இறைப்புக்குத்தான் கால் இல்லை," என்று வேலிக்கு மேலால் எனக்குக் கேட்கும்படி சொல்லிவிட்டுப் போவார்.

நானும் அதைத்தான் நம்பினேன். சோம்பலை எங்கள் பக்கத்தில் பஞ்சி என்போம். அந்த நாட்களின் பக்கத்தில் சிவப்பு மையால் 'பஞ்சி' என்று எழுதி, இலக்கமும் போட்டு வந்தேன். பஞ்சி ஒன்று, பஞ்சி இரண்டு. ஒரு நாளைக்கு முகத்துக்கு நேரே விரித்துக் காட்ட வேண்டும் என்று எண்ணம்.

ஆனால் ஏசினாலும் பட்டினி போட மனம் வராது. களைத்துக் கிடக்கிறவருக்கென்று அலுமாரியில் எப்போதும் ஒரு குளுக்கோஸ் பெட்டி வைத்திருப்பேன். அன்றும் பெரிய கிளாஸ் நிறையக் கரைத்து, தலையைத் தூக்கிப் பருக்கினேன். அது போதாதென்று சீனி கூடப் போட்டுப் பால் தேத்தண்ணியும் கொடுத்தேன்.

ஆறு ஐம்பதுக்கு, "இஞ்சாரும், இப்ப கையும் வரேல்லை," என்றார். சிரிக்கப் பார்த்தார், சரிவரவில்லை.

அப்போது அவருடைய மூக்கில் ஒரு இலையான் வந்து இருந்தது. சோற்றுக்குக் கிட்ட ஒரு ஈ பறந்தாலே கோப்பையைத் தள்ளிவிட்டு எழும்புகிற மனிசன். அது மூக்கிலிருந்து இறங்கி உதட்டில் நடந்தது. அவர் கண்ணை மட்டும் என் பக்கம் திருப்பினார். எந்தக் கள்ளனும் அவ்வளவு தூரத்துக்கு நடிக்கமாட்டான். இலையானைக் கலைத்துவிட்டேன்.

கிணற்று மோட்டர்ச் சத்தம் கேட்கவில்லை என்று அண்ணர் வந்தார். வாசலிலேயே தொடங்கிவிட்டார். "டேய், எழும்படா, வெயில் ஏறுது!" இவருடைய கையைப் பிடித்துத் தூக்கினார். விட்டார். கை வாழைத்தண்டு மாதிரி விழுந்தது. திரும்பவும் தூக்கி விட்டுப் பார்த்தார். ஐம்பத்தெட்டு வயது மனிசன், தம்பியைக் குழந்தை மாதிரி அள்ளிக்கொண்டு தன்னுடைய ஓட்டோவுக்கு ஓடினார்.

"அண்ணை, மிளகாய்க்குத் தண்ணி..." என்றார் இவர்.

"மிளகாய் கிடக்கட்டும். நீ வாயை மூடு."

ஆஸ்பத்திரிக்கு முதல் தடவையாக அவர் எழும்ப ஏலாத நிலையிலேயே போய்ச் சேர்ந்தோம். உடனே ஈ.சி.ஜி. எடுத்தார்கள், இரத்தம் எடுத்தார்கள். பொட்டாசியம் ஆபத்தான அளவுக்கு இறங்கியிருந்தது. இன்னும் இறங்கினால் இதயமே தாளம் தப்பும் என்றார்கள். மருந்து ஏற்றத் தொடங்கிய பிறகு ஒரு பெண் டொக்டர் வந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். தசை வருத்தங்களைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறவராம்.

"இதுக்கு முதல் எப்பெப்ப வந்தது அக்கா? ஞாபகம் இருக்கிறதைச் சொல்லுங்கோ."

ஞாபகம் எதற்கு? டயறி என் கைப்பையில் இருந்தது. போன வருடத்து டயறியை எடுத்துவர அண்ணரை அனுப்பினேன். அது வந்ததும் ஒவ்வொரு நாளாக வாசித்தேன். சிவப்பு எழுத்து வந்த இடங்களில் மட்டும் ஒரு இருமல் இருமிவிட்டுத் தாண்டினேன்.

கட்டிலில் இருந்து குரல் வந்தது. "நீர் விட்டு விட்டு வாசிக்கிறீர். முழுக்க வாசியும்."

அவருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. எத்தனையோ நாள் மேசையில் விரித்தபடி வைத்துவிட்டுப் போயிருக்கிறேன் அல்லவா. வாசித்தேன். "பஞ்சி ஒன்று." டொக்டர் சிரிக்கவில்லை. "இதுக்கு முந்தின நாள் பக்கத்தை வாசியுங்கோ," என்றார்.

அந்தப் பக்கங்களை நான் ஒரு நாளும் திரும்பிப் பார்த்ததில்லை. தைப்பொங்கல். மூன்று தடவை சர்க்கரைப் புக்கை வாங்கிச் சாப்பிட்டார். அடுத்தது, கலியாண வீடு, பந்தல் வேலை, இரண்டு பாயசம். அடுத்தது, தேர், வடம் பிடித்தது, அன்னதானம். கடைசியாக முந்தின நாள் ஞாயிறு. காலையில் தோட்டம் கொத்தினார், மத்தியானம் அயலில் செத்தவருடைய முப்பத்தோராம் நாள் அந்திரட்டிச் சாப்பாடு, பின்னேரம் கதிரைகளைத் தூக்கி ஏற்றிவிட்டு வந்து படுத்தார். ஒன்பதும் அப்படியே. உடம்பு முறிய வேலை, வயிறு முட்டச் சோறு, பிறகு நித்திரை. இடையில் அவர் மெலிய மெலியக் காற்சட்டை இடுப்பை மூன்று தடவை பிடித்துத் தைத்ததையும் எழுதியிருந்தேன். டொக்டர் அவருடைய நாடியைப் பிடித்துப் பார்த்தார், விரலின் நடுக்கத்தைப் பார்த்தார், கழுத்தைத் தடவிப் பார்த்தார்.

"தைரொயிட் கூடியிருக்குப் போல. சோதிச்சுப் பாப்பம். அண்ணை, உங்கடை கிணத்திலை மோட்டர் அளவுக்கு மிஞ்சி இழுத்தா என்ன நடக்கும்?"

"கிணறு வத்தும், தோட்டம் வெள்ளமாகும்," என்றார் அண்ணர் முந்திக்கொண்டு.

"அதுதான். இரத்தம் கிணறு, தசை தோட்டம். ஒவ்வொரு தசைக் கலத்திலையும் பொட்டாசியத்தை உள்ளுக்கை இழுக்கிற மோட்டர் இருக்கு. தைரொயிட் கூடினா அது வேகமாய் ஓடும். நிறையச் சோறும் இனிப்பும் சாப்பிட்டா இன்னும் வேகம். இரத்தத்திலை ஒண்டும் மிஞ்சாது, தசை அசையாது. கொஞ்ச நேரத்தாலை போனது தானாய்த் திரும்பி வரும். அதுதான் பிறகு சோதிச்சா எல்லாம் சரியாய் இருக்கும். காலமை என்ன குடுத்தனீங்கள் அக்கா?"

"குளுக்கோஸ்," என்றேன். "பெரிய கிளாஸ். பிறகு சீனி போட்ட தேத்தண்ணியும்."

டொக்டருடைய பேனை நின்றது. "இனி குடுக்காதேங்கோ," என்றார், மிக மெதுவாக.

ஒன்பது தடவையும் கொடுத்திருக்கிறேன். அவர் கால் வர மத்தியானம் ஆனதற்கு என் கைப் பக்குவமும் ஒரு காரணம். கதிரையில் இருந்து அழுதேன். இவர் என்னைத் தேற்றக் கை நீட்ட முடியாமல், "குளுக்கோஸ் ருசியாய்த்தான் இருந்தது," என்றார்.

பின்னேரம் நாலு மணிக்கு வலது கை வந்தது. முதல் வேலையாக மூக்கைச் சொறிந்தார்.

தசையிலிருந்து பொட்டாசியத்தை வெளியே விடுகிற வாசலில் சிலருக்குப் பிறப்பிலேயே ஒரு சின்ன வித்தியாசம் இருக்கலாம், அதைத்தான் தேடுகிறோம் என்று டொக்டர் சொன்னார். ஆராய்ச்சிக்கு இவருடைய இரத்தமும் என் டயறிப் பக்கங்களின் பிரதியும் தர முடியுமா என்று கேட்டார். சிவப்பு எழுத்துகளைக் கடதாசி வைத்து மறைத்துவிட்டுப் பிரதி எடுங்கள் என்று கெஞ்சினேன். இவர் சம்மதிக்கவில்லை. "அதுவும் கிடக்கட்டும் டொக்டர். நோயாளி வீட்டிலை என்ன பாடு பட்டவன் எண்டும் படிக்கிறவைக்குத் தெரிய வேணும்."

அண்ணர் மன்னிப்பு ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் அந்த வியாழனும் அடுத்த திங்களும் வேலிக்கு மேலால் ஒரு சொல்லும் வராமல் எங்கள் மிளகாய்க்குத் தண்ணீர் பாய்ந்தது.

சோதனையில் தைரொயிட்தான் என்று வந்தது. ஒரு வருடத்துக்கு மேல் மருந்துக் குளிசை போட்டார். தைரொயிட் அடங்கிய பிறகு, அந்த வருத்தம் இதுவரை திரும்பி வரவில்லை. ஆனாலும் எனக்குப் பயம் போகவில்லை. போன மாதம் ஒரு நாள் ஆறரை ஆகியும் எழும்பவில்லை. கதவடியில் நின்று, "கால் வருதோ?" என்று கேட்டேன். போர்வைக்கு வெளியே இரண்டு காலையும் நீட்டி, பத்து விரலையும் ஆட்டிக் காட்டினார். "வருது, வருது. இது சுத்தப் பஞ்சி," என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்தார்.

நான் கதவைச் சாத்திவிட்டு வந்தேன். எழும்ப முடிந்தும் எழும்பாமல் படுத்திருக்கிற ஒரு மனிசன் வீட்டில் இருப்பது எவ்வளவு பெரிய நிம்மதி என்று, அதன் பிறகு எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை.