தடைக்காலத்தில் நின்றுபோன கம்ப்யூட்டர்

"பீ...ப்" என்று நீளமாக ஒரு சத்தம், கொஞ்சம் இடைவெளி விட்டு மறுபடியும் அதே சத்தம்; திரையோ கறுப்பாகவே கிடந்தது. கடலூர் முதுநகரில் எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் அப்படி ஓலமிட்ட அந்த ஞாயிற்றுக்கிழமைக் காலையை நினைத்தால், இன்றும் என்னால் ஓரிடத்தில் உட்கார முடிவதில்லை.

மறுநாள் அக்கா சிதம்பரத்தில் தன் கல்லூரியில் கடைசி வருட "புராஜெக்ட்"டை ஒப்படைத்தாக வேண்டும். மாதக்கணக்கில் அவள் கண்விழித்துச் செய்த வேலை முழுவதும் அந்தப் பெட்டிக்குள்தான் இருந்தது, வேறெங்கும் நகல் கிடையாது. பென் டிரைவ் வாங்க வேண்டும், வாங்க வேண்டும் என்று சொல்லிச் சொல்லியே நாளைக் கடத்தியிருந்தாள். எங்கள் தெருவிலிருந்து இன்ஜினியரிங் போன முதல் பெண் அவள் என்பதால், மகள் நாளைக்குப் புராஜெக்ட் கொடுக்கப் போகிறாள் என்று அம்மா அக்கம்பக்கம் முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள்.

முதலில் மின்சாரத்தின் மேல்தான் பழியைப் போட்டோம். பிளக்கைப் பிடுங்கி மாட்டினோம், ஸ்டெபிலைசரைத் தட்டினோம், மானிட்டர் வயரை அழுத்திப் பார்த்தோம். எட்டாவது படித்துக்கொண்டிருந்த எனக்கும் பொறுமைக்கும் வெகுதூரம். பெட்டி முழுதாக அணைவதற்குள் மறுபடி மறுபடி "ஆன்" செய்து அக்காவிடம் தலையில் குட்டு வாங்கினேன். கடைசியில் அவள் சிதம்பரத்தில் வழக்கமாகப் பிரிண்ட் எடுக்கிற கடையின் பஷீர் அண்ணனுக்குப் போன் செய்தாள். லால்பேட்டைக்காரரான அவர் கம்ப்யூட்டர் பழுதும் பார்ப்பவர். சத்தத்தைப் போனிலேயே கேட்டுவிட்டு, "ரேம் பிரச்னைம்மா. கழட்டி, அழிரப்பரால தேச்சு, திரும்ப மாட்டிப் பாரு, வந்துடும்" என்றார். ரேம் என்பது உள்ளே சீப்பு போலச் செருகியிருக்கும் ஒரு சின்ன அட்டை. நான் ஓடிப்போய் என் பென்சில் டப்பாவிலிருந்து ரப்பரை எடுத்து வந்தேன்.

பக்கத்துத் தகட்டைத் திறந்ததும் அக்கா அப்படியே நின்றுவிட்டாள். ரேமின் பல், அது செருகும் பள்ளம், வயர்களின் முனைகள், திருகாணிகள் என்று எல்லாவற்றின் மேலும் பழுப்பு நிறத்தில் கிரீஸ் பளபளத்தது.

அப்பா துறைமுகத்தில் விசைப்படகு எஞ்சின் மெக்கானிக். சித்திரையில் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிப் படகுகள் கரையோரம் நின்றுவிட்டால், எஞ்சின்களைப் பிரித்துத் துடைத்துக் கிரீஸ் பூசி மாட்டுவார். மிச்சமாகும் கிரீஸ் டப்பாவோடு வீட்டுக்கு வந்தால், கதவுக் கீல், சைக்கிள் செயின், அம்மாவின் தையல் மெஷின் எதுவும் அவருக்குத் தப்பாது. "உப்புக் காத்து ஜாஸ்தி. இரும்புன்னு ஒண்ணு ஊட்டுல இருந்தா கிரீஸ் போட்டே ஆவணும்" என்பார். முந்தின நாள் அம்மாவும் அக்காவும் நானும் மஞ்சக்குப்பத்துக்கு ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்த நேரத்தில் கம்ப்யூட்டருக்கும் அந்த உபசாரம் நடந்திருக்கிறது.

கூப்பிட்டதும் அவர் சிரித்துக்கொண்டேதான் வந்தார். "நான்தாம்மா போட்டேன். நாளைக்கு நீ கொண்டு குடுக்கற வரைக்கும் ஒரு கொறையும் வரக்கூடாதுல்ல? நிக்குதா? இரு, மண்ணெண்ணெய் தொட்டுத் தொடச்சா போயிடும்" என்று கையை நீட்டினார். அக்கா அந்தக் கையைத் தட்டிவிட்டாள்.

"யாருப்பா ஒங்கள தொடச் சொன்னா? இதென்ன போட் எஞ்சினா? இனிமே எம்பொருளு எதையும் தொடாதீங்க!"

எனக்கு அக்காவின் மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ஆனால் அவள் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு நின்றது, அதையும் பார்த்தேன். அப்பா பெட்டியை ஒரு பழைய புடவையில் சுற்றித் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார்.

சிதம்பரம் பஸ்ஸில் அதை மடியிலேயே வைத்துக்கொண்டார். ரோட்டில் பள்ளம் வந்தபோதெல்லாம் குலுங்காமலிருக்க இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தார். நான் ஜன்னலுக்கும் இருக்கைக்குமாக நெளிந்துகொண்டிருந்தேன். அக்கா நகத்தைக் கடித்தபடி, பரங்கிப்பேட்டைப் பக்கம் பஸ் நின்று நின்று போனதற்கு டிரைவரைத் திட்டிக்கொண்டே வந்தாள்.

பஷீர் அண்ணன் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். "என்னாம்மா இது, வண்டிய சர்வீசுக்கு உட்டியா, கம்ப்யூட்டர உட்டியா?" என்றார். கடையிலிருந்தவர்கள் எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள். அக்காவும் பதற்றத்தில் சிரித்துவிட்டாள். அப்பாவும் எல்லோரையும் பார்த்துச் சேர்ந்து சிரித்தார். அந்தச் சிரிப்பை மட்டும் என்னால் பார்க்க முடியவில்லை.

பிரஷ்ஷும் ஸ்பிரிட்டும் வைத்து அண்ணன் பல்பல்லாகத் துடைத்தார், ரேமை ரப்பரால் தேய்த்தார். போட்டார், ஓலம்தான் வந்தது. மறுபடி துடைத்தார், மறுபடியும் ஓலம். அக்கா கடைவாசலுக்கும் உள்ளேயுமாக நடந்துகொண்டிருந்தாள். சாயங்காலம் ஒருவழியாக, குட்டையாக ஒரே ஒரு "பீப்" கேட்டது, திரையில் வெளிச்சம் வந்தது. "அல்லா காப்பாத்துனான், டிஸ்க்குல ஒண்ணும் போவல" என்றார் அண்ணன். அங்கேயே பிரிண்ட் எடுத்தோம். அக்கா தேறினாள், வேலைக்குப் போனாள், எங்கள் வீடே தலை நிமிர்ந்தது.

ஆனால் அன்றைக்கு அக்கா சொன்ன சொல்லை அப்பா அப்படியே எடுத்துக்கொண்டார். அதன் பிறகு அக்கா வாங்கிப் போட்ட டி.வி., வாஷிங் மெஷின், என் ஸ்கூட்டி என்று எது நின்றுபோனாலும் பக்கத்தில் வந்து பார்ப்பார், கையைப் பின்னால் கட்டிக்கொள்வார், "கடக்காரன கூப்புடுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். இப்போது அவர் துறைமுகத்துக்கும் போவதில்லை. நகக்கண்ணில் எப்போதும் ஒட்டியிருந்த கறுப்பு போய், விரல்கள் யாரோ ஒரு ஆபீஸ்காரருடையவை போல வெளுத்துக் கிடக்கின்றன.

போன பொங்கலுக்கு அக்கா ஊருக்கு வந்திருந்தபோது அவளுடைய லேப்டாப் நின்றுபோயிற்று. என்ன செய்தும் திரை வரவில்லை. நான் கடைக்குப் போன் போடப் போனேன். அக்கா வேண்டாமென்று தலையசைத்துவிட்டு, அதைத் தூக்கிக்கொண்டு போய் அப்பாவின் முன்னால் வைத்தாள்.

"அப்பா, நீங்க ஒரு தடவ தொறந்து பாருங்களேன்."

அப்பா அதைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். சுத்தமாக இருந்த கையை வேட்டியில் ஒரு தரம் துடைத்துக்கொண்டார்.

"வேணாம்மா, கெட்டுப் போயிடப் போவுது" என்றார்.